இந்தப் பதிவை நீக்கவா?

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், கேள்வி கேட்கிற வேலை என்பேன். வக்கீல் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மறுப்பதில்லை. உண்மையில், கம்ப்யூட்டர் திரையில் திடீரென்று ஒரு சின்னப் பெட்டி எழும்பி "நிச்சயமா?" என்று கேட்குமே, அதை எழுதுகிறவள் நான். ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே மூடுகிற பெட்டி. பதினோரு வருடமாக அந்தத் திட்டில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

நானும் என் கணவரும் ஒரே நிறுவனத்தில்தான் இருந்தோம். ஊர் ஊராகப் பார்சல் பிரித்து அனுப்பும் நிறுவனம். அவர் கீழே கிடங்கில், பார்சல் ஓடும் மூன்றாவது பெல்ட்டின் மேற்பார்வையாளர். நான் நான்காவது மாடியில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் எழுதுபவள். அவருக்கு மேலே இருந்தது நெட்டை. கிடங்கின் ஷிஃப்ட் மேலாளர். ஆறடி மூன்றங்குலம் என்பதால் அந்தப் பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

இருவரும் ஒரே நாளில் மூட்டை தூக்கச் சேர்ந்தவர்கள். பதினாறு வருடம். நெட்டை மேலே போனார், என் கணவர் பாதியில் நின்றார். அதில் இவருக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. எனக்கு உண்டு, சொல்லிக்கொண்டதில்லை. நெட்டையின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் இரவும் பகலுமாக உடனிருந்தது இவர்தான். பெற்ற பிள்ளை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு நெட்டைக்கு எங்கள் வீட்டில்தான். என்னைத் தங்கச்சி என்பார். அவர் சட்டையில் பட்டன் போனால் தைத்துக் கொடுத்ததும் இந்தத் தங்கச்சிதான்.

ஒருநாள் மனிதவளப் பிரிவின் தலைவி என்னைக் கூப்பிட்டாள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தேன் தடவியதுபோல் பேசும் அம்மாள்.

"பட்டியலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணணும்மா. ஒவ்வொரு பிரிவு மேலாளரும் அவங்கவங்க ஆளுங்களோட பதிவப் பார்த்து, தேவையில்லாதத எடுக்கிற மாதிரி ஒரு பக்கம் செஞ்சு குடுங்க. சிம்பிளா இருக்கட்டும்."

விட்டுப் போனவர்கள், இரண்டு முறை பதிவானவர்கள், இந்தக் குப்பையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். பார்க்கிறவர்களை எல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தை நன்றாகவே செய்தேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. பழைய காலத்துப் பக்கமென்றால் எதைத் தொட்டாலும் திரை முழுக்க வெளுத்து, மறுபடி முதலிலிருந்து வரும். என்னுடையது அப்படியல்ல. பிரிவின் பெயரைத் தொட்டால் அந்தப் பட்டியல் மட்டும் சர்வரிலிருந்து வந்து உட்காரும். ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய படம், வயது, சேர்ந்த தேதி, விடுப்புக் கணக்கு எல்லாம் பக்கவாட்டில் விரியும். காலையில் திறந்தால் மாலைவரை பக்கம் ஒரு முறைகூடப் புதிதாக ஏற வேண்டியதில்லை. பெயருக்கு எதிரே நீக்கும் பொத்தான். அதை அழுத்தினால் என் பெட்டி எழும்பும்: "இந்தப் பதிவை நிச்சயமாக நீக்க வேண்டுமா? நீக்கியபின் திரும்பப் பெற முடியாது." கீழே ஆம், இல்லை. இல்லை என்ற பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். அவசரத்தில் யாரும் தவறி அழுத்திவிடக் கூடாதென்று எனக்கு அவ்வளவு அக்கறை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, என் கணவர் நான்காவது மாடிக்கு வந்து நின்றார். பதினாறு வருடத்தில் ஒரு நாளும் மேலே ஏறி வந்ததில்லை. காலில் இரும்பு முனை வைத்த கிடங்கு ஷூ, கையில் ஒரு உறை.

"உங்கிட்ட வீட்டுச் சாவி இருக்கா? என்னோடத லாக்கர் சாவியோட சேர்த்து வாங்கிட்டாங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. உறையை வாங்கிப் பார்த்தேன். ஆட்குறைப்பு. உங்கள் சேவைக்கு நன்றி. கையெழுத்துக்கூட இல்லை, அச்சடித்த முத்திரை. அன்றைக்குக் கட்டிடம் முழுக்க அந்த உறைகள்தான். பட்டியல் சுத்தம் என்று அந்த அம்மாள் சொன்னது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தைச் செய்தது நான்தான், எதற்கென்று தெரியாமல் செய்தேன் என்று. அவர் கோபப்படவில்லை.

"வேல போனா போவுது. கை கால் இருக்கு, இன்னொன்னு பார்த்துக்கலாம். எங்க பிரிவுல யாரு போகணும்னு அழுத்தினது யாரு? அவனா?"

"மேலாளருங்கதான் அழுத்தணும்."

"அப்ப அவன் கைதான்."

அவ்வளவுதான் பேசினார். பிறகு போனை எடுத்து நெட்டைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியில் இருந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில், இனிமேல் என் மூஞ்சியில் விழிக்காதே என்றார். நெட்டையிடமிருந்து பதிலே இல்லை. பதினைந்து நாளும் ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பதினைந்து நாளும் நான் பார்த்ததை என் எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். மனிதர் ஷேவ் பண்ணவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்து போவார். வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள் என்றால் சரி என்பார், போடமாட்டார். நடுநடுவே, யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல், "ஆஸ்பத்திரியில நான்தான இருந்தேன்" என்பார். வேலை போனதில் ஆள் உடையவில்லை. பதினாறு வருடம் ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்பதில்தான் நொறுங்கிப் போனார்.

பதினாறாவது நாள் மனிதவளத் தலைவி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் தேன் இல்லை.

"மேலாளருங்க கிட்ட மொத்தம் நாற்பது பேர் கேட்டிருந்தோம். நாற்பத்தொன்பது கடிதம் போயிருக்கு. உங்க பக்கத்துல ஏதாவது கோளாறா, பாருங்க."

கோளாறெல்லாம் இருக்காது என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உட்கார்ந்து என் எழுத்தை நானே படித்தேன். ஒரு மணி நேரத்தில் மூக்கு உடைபட்டது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு முறை பெட்டி எழும்பும்போதும், ஆம் என்ற பொத்தானிடம் நான் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன்: உன்னை அழுத்தினால் இன்னாரை நீக்கு என்று. இல்லை என்று அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும். ஆனால் ஒப்படைத்த வேலையை நான் திரும்ப வாங்கவில்லை. எதை அழுத்தினாலும் அது பொத்தானிடமே கிடக்கும். அடுத்து வேறொருவர் பெயருக்குப் பெட்டியைத் திறந்து ஆம் என்று அழுத்தினால், பொத்தான் இவரையும் நீக்கும், முன்னால் வேண்டாம் என்று விட்டாரே, அவரையும் நீக்கும். பழைய காலத்துப் பக்கமாக இருந்திருந்தால் திரை வெளுத்து ஏறும்போதெல்லாம் இந்த மிச்சம் மீதி துடைத்துப் போயிருக்கும். என்னுடையதுதான் காலையிலிருந்து மாலைவரை புதிதாக ஏறாத அருமையான பக்கமாயிற்றே.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். இல்லை என்று அழுத்தினேன், பெயர் அப்படியே இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். ஆம் என்று அழுத்தினேன், பெயர் போனது. மறுபடி புதுப்பித்தேன். எங்கள் ஆட்களுக்கு அது கைப்பழக்கம். எதைச் செய்தாலும் உடனே ஒரு ரெஃப்ரெஷ். நிஜ மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை என்பது எங்களுக்கு எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

ஆக, ஒன்பது பேரை யாரும் நீக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் மேலாளர் இல்லை என்றுதான் அழுத்தியிருக்கிறார். நீக்கியது நான்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்திருக்க வேண்டியது பயம். வந்ததோ சந்தோஷம். மாடிப்படிக்கு ஓடிப்போய் என் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, அவர் உங்கள எடுக்காம இருந்திருக்கலாம். என் புரோகிராம்ல தப்பு. இல்லைன்னு அழுத்தினவங்களும் போயிருக்காங்க. ஒன்பது பேர்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா?"

"கேக்குது. நான் அப்பவே நினைச்சேன். அவன் அப்படிப்பட்டவன் இல்ல." குரல் உடைந்துவிட்டது. "நல்லாப் பார்த்துச் சொல்லு."

பார்த்துவிட்டல்லவா சொல்லியிருக்க வேண்டும்! அவசரக் குடுக்கை நான். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர் ஷேவ் பண்ணிக் குளித்து, சமைத்து வைத்திருந்தார். ஷூவைத் துடைத்து அலமாரிக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, நெட்டை ஒருமுறை பெல்ட்டில் கால் மாட்டிக்கொண்டு கத்திய கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில்தான் சர்வரின் பதிவேட்டைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சோதனைக்காக, பெட்டி எப்போது எழும்புகிறது, யார் என்ன அழுத்துகிறார் என்பதை நேரத்தோடு எழுதிவைக்கும்படி இரண்டு வரி சேர்த்திருந்தேன். எடுக்க மறந்துபோன இரண்டு வரி. கிடங்குப் பிரிவு, நெட்டையின் கணக்கு என்று தேடினேன். என் கணவரின் பெயர் ஒன்றல்ல, ஏழெட்டு இடத்தில் வந்தது. ஒவ்வொன்றும் வேறொருவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அதே நொடியில். கோளாறின் அடையாளம் அதுதான். பொத்தானிடம் கிடந்த பழைய வேலை அடுத்தவரோடு சேர்ந்து போகும்போது அப்படித்தான் விழும். பதினோரு வருடத்தில் எத்தனையோ முறை, தப்பு என்னுடையதாக இருக்கக் கூடாது என்று வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். எங்கோ ஓரிடத்தில் அவர் பெயருக்கு எதிரே ஓர் "இல்லை" இருக்க வேண்டும்.

இல்லை. அன்றைக்கு நெட்டை பக்கத்தைத் திறந்து முதன்முதலாகத் தொட்ட பெயரே என் கணவருடையதுதான். ஒட்டிக்கொள்ள முன்னால் யாரும் இல்லை. பெட்டி எழும்பிய நேரம், பத்து மணி நான்கு நிமிடம் பதினொன்றாவது வினாடி. ஆம் என்று அழுத்தியது பதின்மூன்றாவது வினாடி. அந்தப் பெட்டியில் இருக்கும் இரண்டு வரியை வாசிக்கவே நான்கு வினாடி ஆகும். எழுதியவள் நான், எனக்குத் தெரியும். வாசிக்காமல் அழுத்தியிருக்கிறார்.

அதற்கடுத்து ஒரு பெயரை மூன்று முறை திறந்து மூன்று முறையும் இல்லை என்று மூடியிருந்தார். டிரைவர் ஒருவர், இரண்டு வருடச் சர்வீஸ். நெட்டைக்குத் தயங்கத் தெரிந்திருக்கிறது. என் கணவருக்கு மட்டும் இரண்டு வினாடி. நாசமாய்ப் போகிறவன் என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேசைப் பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தான்.

ஒன்பது பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு மனிதவளத் தலைவியிடம் போனேன். கோளாறை விளக்கினேன். பாதியிலேயே கையை உயர்த்தினாள்.

"இந்த ஒன்பதுல உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்னம்மா?"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். தேன் திரும்பியிருந்தது.

"மேல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. கேட்டது நாற்பது, குடுத்தது நாற்பத்தொன்பது. இப்பப் போயி கோளாறுன்னா முதல் கேள்வி யார் எழுதினாங்கன்னுதான் வரும். உங்க வீட்டுல இப்ப ஒரு சம்பளம்தானே? கோளாறச் சரிபண்ணிடுங்க. அந்தப் பதிவேட்ட எடுத்துடுங்க. நானும் கேக்கல, நீங்களும் சொல்லல."

வீரமாக ஏதோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இருக்கைக்கு வந்து கோளாறைச் சரிசெய்தேன். ஒரே ஒரு வரிதான். பிறகு பதிவேட்டை நீக்கினேன். அந்த ஒன்பதில் ஒருத்தி பேக்கிங் பிரிவு, லிஃப்டில் என்னைப் பார்த்தால் சிரிப்பவள், புதிதாகப் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். அவள் பெயரும் அதோடு போனது. இந்த அசிங்கத்தை நான் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

வீட்டுக் கதவைத் திறக்கக்கூட விடவில்லை அவர். படியிறங்கி வந்து நின்றார். ஷேவ் பண்ணிய முகம், இஸ்திரி போட்ட சட்டை.

"பார்த்தியா?"

வழியெல்லாம் உண்மையைச் சொல்லும் வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. பால்கனி நாற்காலியையும் பிசைந்து வைத்த தட்டையும் இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"பார்த்தேன். என் தப்புதான். அவர் இல்லைன்னுதான் அழுத்தியிருக்கார்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிற ஆம்பிளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலையைத் திரும்பத் தருவார்களா என்று கேட்டார். தரமாட்டார்கள், வெளியே சொன்னால் என் வேலையும் போகும் என்றேன். அதைக் கேட்டுக்கூட அவர் முகம் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் பேச்சு குறைந்தது. பதினாறு வருட உழைப்பை இவள் ஒரு கவனக்குறைவில் ஊதித்தள்ளிவிட்டாளே என்று இருக்காதா? இருக்கும். அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன். கோபம் என்மேல் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையை வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். போனில் ஒன்றும் விளக்கவில்லை, வாடா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நெட்டை வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். உயரத்துக்காகக் குனிகிறாரா, குற்றத்துக்காகவா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பை ஆப்பிள். அடி விழும் என்றே வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. நான் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன்.

என் கணவர் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கடா. தெரியாமப் பேசிட்டேன். நீ இல்லைன்னுதான் அழுத்தியிருக்க. இவ எழுதினதுல கோளாறு, இல்லைன்னு அழுத்தினவன் பேரும் சேர்ந்து போயிருக்கு. இவளே பார்த்துட்டுச் சொன்னா."

நெட்டைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கணவரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பத்து மணி நான்கு நிமிடம் பதின்மூன்று வினாடி என்று எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம், இந்த ஆள் நேர்மையாக ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்றுகூட நினைத்தேன். சொன்னால் எல்லாம் பாழ்தான். ஆனாலும் சொல்லட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது.

"ஆமாண்டா," என்றார். "இல்லைன்னுதான் அழுத்தினேன்."

முதல் வார்த்தைக்குத்தான் தடுமாறினார். பிறகு தண்ணீராக வந்தது.

"உன் பேரப் பார்த்ததும் கை நடுங்கிப்போச்சுடா. இவன எடுத்தா எனக்குச் சோறு இறங்குமான்னு உடனே மூடிட்டேன். அப்புறம் பார்த்தா கடிதம் வந்திருக்கு. எப்படி ஆச்சுன்னே புரியல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உனக்குப் போன் பண்றது, சொல்லு."

என் கணவர் அவருடைய கையைப் பிடித்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நெட்டையின் அழுகையும் பொய் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் டீயை மேசையில் வைத்தேன். தட்டு ஆடிக் கொஞ்சம் சிந்தியது.

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் டீ குடித்து, என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தங்கச்சி, எத்தன பேர் வாழ்க்கை அது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபார்த்திருக்கக் கூடாதா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. இருக்கிற டீயை அவர் முகத்தில் ஊற்றியிருப்பேன். ஆனால் என் கணவர் மூன்று வாரத்துக்குப் பிறகு தன் சிநேகிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு கை இன்னும் அவர் தோள்மேல் இருந்தது. நான் மேசையில் சிந்திய டீயைத் துடைத்தேன்.

"கேக்குறான்ல?" என்றார் என் கணவர். அவர் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "செய்யாத தப்புக்கு இத்தன நாளா எங்கிட்ட வசவு வாங்கியிருக்கான். எல்லாம் உன்னாலதான். அவன்கிட்ட ஒரு மன்னிப்பாவது கேளு."

நெட்டை டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்கண்ணா," என்றேன். "என் தப்புதான்."

"பரவாயில்ல, விடு தங்கச்சி. மனுஷங்கதானே," என்று சொல்லி அவர் என்னை மன்னித்தார்.